பிரஸ்ஸல்ஸில் ஒரு சங்கம் இருக்க, நாட்டுக்கு நாடு பயோடெக் சங்கம் எதற்கு?

ஜெர்மனியில் ஆறு பேர் வேலை செய்யும் மரபணு சிகிச்சை நிறுவனம் ஒன்றில் இருப்பதாகச் சொல்லி நீங்கள் கேட்டது இது: ஐரோப்பா முழுவதற்கும், ஐரோப்பிய ஒன்றியத்தின் தலைமையகம் இருக்கும் பிரஸ்ஸல்ஸில் ‘யூரோபாபயோ’ என்ற சங்கம் இருக்கும்போது, ஒவ்வொரு நாட்டிலும் தனித்தனியாக உயிரித் தொழில்நுட்பச் சங்கங்கள் எதற்கு? அவற்றில் ஒன்றுக்குச் சந்தா கட்டுவது எங்களைப் போன்ற சிறு நிறுவனத்துக்கு வீண் செலவா? பார்வைக்கு இது சந்தாவைப் பற்றிய கேள்வி. ஆனால் நீங்கள் உண்மையில் அறிய விரும்புவது, இந்தச் சங்கங்கள் யாருடைய குரலில் பேசுகின்றன என்பதைத்தான் என்று எனக்குப் படுகிறது. மருந்து அனுமதிக்கான ஆவணங்களைத் தயாரிக்கும் வேலையில் இருபது ஆண்டுகளாக, பெரும்பாலும் சிறு நிறுவனங்களில், ஜெர்மனியிலும் சுவிட்சர்லாந்திலும் இருந்துவருகிறேன். சங்கப் பணிக்குழுக் கூட்டங்களில் உட்கார்ந்த அனுபவமும் உண்டு. நான் வழக்கறிஞரும் அல்ல, வரி ஆலோசகரும் அல்ல. கீழே வரி பற்றிச் சொல்வதைத் துறையில் இருப்பவரின் பார்வையாக எடுத்துக்கொண்டு, உங்கள் கணக்கரிடம் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

தேசியச் சங்கங்களைப் பிரஸ்ஸல்ஸின் கிளைகள் என்று நினைத்துக்கொண்டு பலரும் இதே கேள்வியைக் கேட்கிறார்கள். வரலாறு நேர்மாறானது. இத்தாலியின் அஸ்ஸோபயோடெக் 1986-இல் தொடங்கியது, பிரிட்டனின் பயோஇண்டஸ்ட்ரி அசோசியேஷன் 1989-இல். யூரோபாபயோ பிறந்ததோ 1996-இல்தான். அதுவும் இரண்டு அமைப்புகள் இணைந்து பிறந்தது: ஒன்று, பெரும் ரசாயன, உணவு, மருந்து நிறுவனங்களின் தலைமை அதிகாரிகள் 1989-இல் அமைத்துக்கொண்ட ஆலோசனைக் குழு. மற்றொன்று, தேசியச் சங்கங்கள் தமக்குள் வைத்திருந்த செயலகம். பெருநிறுவனங்கள் ஒரு பக்கம், நாட்டுச் சங்கங்கள் மறுபக்கம் என்ற அந்த இரட்டைப் பிறப்பு இன்றும் அதன் உறுப்பினர் அமைப்பில் தெரிகிறது. பெரிய நிறுவனம் நேரடியாக உறுப்பினராகலாம். சிறு நிறுவனத்தின் குரல் பெரும்பாலும் தன் நாட்டுச் சங்கத்தின் வழியாகத்தான் அங்கே போய்ச் சேரும். ஆக, நீங்கள் பெர்லினைத் தாண்டி பிரஸ்ஸல்ஸுக்குப் போக நினைத்தாலும் வழி பெர்லின் ஊடாகத்தான்.

இது போகட்டும். அதைவிட முக்கியமானது, உங்கள் நிறுவனத்தின் தலைவிதியை எந்த ஊரில் தீர்மானிக்கிறார்கள் என்பது. உயிரித் தொழில்நுட்பத்தால் செய்யப்படும் மருந்துகளுக்கு 1995 முதல் ஐரோப்பிய அளவில் ஒரே அனுமதிதான். ஐரோப்பிய மருந்து முகமை பரிந்துரைக்கிறது, ஐரோப்பிய ஆணையம் அனுமதி தருகிறது. அந்த முகமை முதலில் லண்டனில் இருந்தது, பிரெக்சிட் காரணமாக 2019-இல் ஆம்ஸ்டர்டாமுக்குப் போனது. இதை மட்டும் பார்ப்பவர்கள் எல்லாமே ஐரோப்பிய ஒன்றியத்தின் கையில் இருப்பதாக நினைத்துவிடுகிறார்கள். அனுமதி கிடைத்த மறுநாளே நாடுகள் உள்ளே வந்துவிடும். மருந்துக்கு என்ன விலை, காப்பீடு எவ்வளவு தரும் என்பதை ஒவ்வொரு நாடும் தானே முடிவு செய்கிறது. ஜெர்மனியில் 2011-இல் வந்த சட்டப்படி, புது மருந்துக்கு நிறுவனம் வைத்த விலை முதல் பன்னிரண்டு மாதம் செல்லும். அதற்குள் மருந்தின் கூடுதல் பயனை மதிப்பிட்டு விலை பேசுவார்கள். 2022-இல் அந்தப் பன்னிரண்டு மாதத்தை ஆறாகக் குறைத்தார்கள். அந்த மாற்றம் நடந்தது பெர்லினில். பிரஸ்ஸல்ஸுக்கு அதில் வேலையே இல்லை. 2025 ஜனவரியிலிருந்து புற்றுநோய் மருந்துகளுக்கும், உங்களுடையதைப் போன்ற மரபணு, செல் சிகிச்சைகளுக்கும் மருத்துவப் பயன் மதிப்பீட்டை ஐரோப்பிய அளவில் கூட்டாகச் செய்யத் தொடங்கியிருக்கிறார்கள். ஆனால் விலை பேசும் மேசை இன்னமும் அந்தந்த நாட்டின் தலைநகரில்தான் கிடக்கிறது.

காப்புரிமையிலும் இதே கதைதான். உயிரித் தொழில்நுட்பக் கண்டுபிடிப்புகளுக்கான ஐரோப்பியச் சட்டம் 1988-இல் முன்மொழியப்பட்டது. 1995 மார்ச்சில் ஐரோப்பிய நாடாளுமன்றம் அதைத் தோற்கடித்தது. மறுபடி எழுதப்பட்டு 1998 ஜூலையில்தான் நிறைவேறியது. பத்து ஆண்டுப் போராட்டம், முடிந்தது என்று தொழில்துறை பெருமூச்சு விட்டபோது உண்மையில் பாதிதான் முடிந்திருந்தது. ஒவ்வொரு நாடும் 2000 ஜூலைக்குள் அதைத் தன் சட்டமாக்க வேண்டும். நெதர்லாந்து அந்தச் சட்டத்தையே எதிர்த்து ஐரோப்பிய நீதிமன்றத்துக்குப் போய் 2001-இல் தோற்றது. கெடு முடிந்து மூன்று ஆண்டு கழித்தும் ஜெர்மனி, பிரான்ஸ், இத்தாலி உள்ளிட்ட எட்டு நாடுகள் அதைச் சட்டமாக்காததால் ஆணையம் அவற்றை நீதிமன்றத்துக்கு இழுத்தது. ஜெர்மனி 2005-இல் ஒருவழியாகச் சட்டம் இயற்றியபோது, மனித மரபணு வரிசைக்குக் காப்புரிமை கேட்டால் அதன் குறிப்பிட்ட பயன்பாட்டையும் உரிமைக் கோரிக்கையிலேயே சேர்க்க வேண்டும் என்று தன் பங்குக்கு ஒரு வரம்பை வைத்தது. பிரஸ்ஸல்ஸில் வென்ற வாசகம் பெர்லினில் குறுகியது. அந்த வரம்பு நல்லது என்பதே என் கருத்து. பயன் தெரியாமல் மரபணுவைப் பிடித்து வைத்துக்கொள்ள யாருக்கும் உரிமை இருக்கக் கூடாது. என் கருத்து எதுவானாலும், அந்த விவாதத்தில் ஜெர்மன் மொழியில், ஜெர்மன் நாடாளுமன்றக் குழுக்களின் முன்னே பேச ஒருவர் தேவைப்பட்டார். யூரோபாபயோவால் அது முடிகிற காரியமல்ல.

இனி, உங்களுக்கு நேரடியாகப் பொருந்துகிற ஒன்றை விரிவாகச் சொல்கிறேன். மருந்து உருவாக்கும் சிறு நிறுவனம் பத்து, பன்னிரண்டு ஆண்டுகள் நட்டத்திலேயே ஓடும். விற்கப் பொருளே இருக்காது. ஆய்வகம், விலங்குச் சோதனை, மனிதச் சோதனை என்று பணம் போய்க்கொண்டே இருக்கும். அந்த நட்டத்துக்கு ஒரு மதிப்பு உண்டு. பின்னாளில் லாபம் வரும்போது பழைய நட்டத்தைக் கழித்துக்கொண்டு மீதிக்கு மட்டும் வரி கட்டலாம். முதலீட்டாளர்கள் இதைக் கணக்கில் வைத்துத்தான் பணம் போடுகிறார்கள். ஜெர்மனியில் 2008-இல் நிறுவன வரிச் சட்டத்தில் ஒரு பிரிவு வந்தது: ஐந்து ஆண்டுக்குள் ஒரே தரப்பின் கைக்குப் பாதிக்கு மேல் பங்குகள் போனால், அதுவரை சேர்ந்த நட்டம் முழுவதும் வரிக் கணக்கிலிருந்து மறைந்துவிடும். கால் பங்குக்கும் பாதிக்கும் இடையில் கைமாறினால் அந்த அளவுக்கு மறையும். செத்துப்போன நிறுவனங்களின் நட்டத்தை வாங்கி வரி ஏய்ப்பவர்களைத் தடுக்க வந்த பிரிவு அது. அடி விழுந்ததோ, இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை புது முதலீட்டாளரை அழைத்தால்தான் உயிர் வாழ முடியும் என்ற நிலையில் இருந்த பயோடெக் நிறுவனங்களின் மேல். பணம் கேட்டு ஒருவரை உள்ளே அழைத்தால், அவர் வந்த குற்றத்துக்காகவே உங்கள் சொத்தில் ஒரு பகுதி கரைந்துபோகும். நான் அப்போது வேலை பார்த்த இடத்தில் ஒரு முதலீட்டுச் சுற்று கிட்டத்தட்ட ஆறு மாதம் தள்ளிப்போனதற்கு இதுவும் ஒரு காரணம். பங்கு விகிதத்தை எப்படிப் பிரித்தால் எல்லைக்கு உள்ளே நிற்கலாம் என்று வழக்கறிஞர்கள் தீட்டிய அட்டவணைகள் இன்னும் நினைவில் இருக்கின்றன. விஞ்ஞானிகள் ஆய்வகத்தில் செலவிட வேண்டிய நேரம் அந்த அட்டவணைகளில் போனது.

பெரிய மருந்து நிறுவனத்துக்கு இது ஒரு பிரச்சினையே அல்ல. அதன் பங்குகள் சந்தையில் சிதறிக் கிடக்கின்றன, ஆண்டுதோறும் லாபமும் வருகிறது. எனவே பெரியவர்களின் சங்கம் இதற்காகத் தொண்டை வறளக் கத்தாது. 2004-இல் தொடங்கி, சிறு, நடுத்தர பயோடெக் நிறுவனங்களை முதன்மை உறுப்பினர்களாகக் கொண்ட ஜெர்மன் சங்கமான பயோ டாய்ச்லாண்ட் இதை ஆண்டுக்கணக்கில் அரசிடம் எழுப்பிவந்தது. 2016-ஐயொட்டி, தொழிலை மாற்றாமல் தொடர்ந்து நடத்தும் நிறுவனம் நட்டத்தைத் தக்கவைத்துக்கொள்ள வழி தரும் புதுப் பிரிவு வந்தது. 2017 மார்ச்சில் ஜெர்மன் அரசியல் சாசன நீதிமன்றம், கால் பங்கிலிருந்து பாதி வரையிலான கைமாற்றத்துக்கு நட்டத்தை வெட்டும் விதி அரசியல் சாசனத்துக்கு முரணானது என்று தீர்ப்பளித்தது. அதே சங்கம் நெடுநாள் கேட்ட இன்னொன்று ஆராய்ச்சிக்கான வரி உதவி. அது 2020 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது: ஆராய்ச்சியாளர் சம்பளத்தில் 25 சதவீதம், லாபம் இல்லாத நிறுவனத்துக்கும் கையில் பணமாக. பிறகு சிறு, நடுத்தர நிறுவனங்கள் 35 சதவீதம் கேட்கலாம் என்றும் உயர்த்தினார்கள். உங்கள் நிறுவனம் இதற்கு இன்னும் விண்ணப்பிக்கவில்லை என்றால், சங்கச் சந்தாவைப் பற்றி யோசிப்பதற்கு முன் அதைச் செய்துவிடுங்கள்.

இங்கே ஒன்றைப் பிரித்துச் சொல்ல வேண்டும். சங்கம் கேட்டது என்பது உறுதி. சட்டம் வந்தது என்பதும் உறுதி. சங்கம் கேட்டதால்தான் சட்டம் வந்தது என்பது மட்டும் உறுதியல்ல. ஆராய்ச்சி வரி உதவியைக் கேட்டவர்களில் பெருந்தொழில் கூட்டமைப்புகளும் இருந்தன. நீதிமன்றத் தீர்ப்புக்கு வழிவகுத்த வழக்கோ பயோடெக் துறையைச் சேர்ந்ததே அல்ல. ஆண்டறிக்கையில் “எங்கள் முயற்சியின் வெற்றி” என்று சங்கங்கள் போட்டுக்கொள்வதைப் படிக்கும்போது இதை மனதில் வையுங்கள். அழுத பிள்ளைக்குத்தான் பால் என்பது உண்மைதான், ஆனால் ஒரே வீட்டில் பல பிள்ளைகள் அழும்போது யார் அழுகைக்குத் தாய் எழுந்தாள் என்று சொல்வது கடினம்.

காரணமும் விளைவும் ஓரளவு தெளிவாகத் தெரிகிற உதாரணங்களும் இருக்கின்றன. 1997-இல் தொடங்கிய பிரான்ஸ் பயோடெக், ‘இளம் புத்தாக்க நிறுவனம்’ என்ற தனிச் சட்டத் தகுதியை முன்மொழிந்து, அப்போதைய தலைவர் பிலிப் பூலெத்தியின் தலைமையில் அதற்காக விடாமல் உழைத்தது. 2004-இல் அது நடைமுறைக்கு வந்தது. செலவில் குறிப்பிட்ட பங்கை (தொடக்கத்தில் குறைந்தது 15 சதவீதம்) ஆராய்ச்சிக்குச் செலவிடும் இளம் நிறுவனம், தன் ஆராய்ச்சியாளர்களுக்காகக் கட்டும் சமூகப் பாதுகாப்புப் பங்களிப்பிலிருந்து விலக்குப் பெறும் என்பதே அதன் சாரம். பயோடெக்குக்காகக் கேட்டது, மென்பொருள் நிறுவனங்களுக்கும் சேர்த்துப் பயன்பட்டது. பிரிட்டனில் 2022 நவம்பரில் அரசு, நட்டத்தில் இருக்கும் சிறு நிறுவனங்களுக்கான ஆராய்ச்சி வரிச்சலுகையை 14.5 சதவீதத்திலிருந்து 10 ஆகக் குறைப்பதாக அறிவித்தது. பயோஇண்டஸ்ட்ரி அசோசியேஷன் வரிந்துகட்டிக்கொண்டு எதிர்த்தது. அடுத்த மார்ச்சுக்குள், மொத்தச் செலவில் 40 சதவீதம் ஆராய்ச்சிக்குப் போகும் நிறுவனங்களுக்குப் பழைய விகிதமே தொடரும் என்று அரசு இறங்கிவந்தது. பிறகு அந்த 40 என்பது 30 ஆகவும் தளர்ந்தது. பயோடெக் நிறுவனத்தின் கணக்குப் புத்தகத்தை அறிந்த ஒருவர் பேசியிருந்தால்தான் இப்படிப்பட்ட வரையறை பிறக்கும். அதே 2023 மார்ச்சில் சிலிக்கான் வேலி வங்கியின் பிரிட்டன் பிரிவு கவிழ்ந்தது. வெள்ளிக்கிழமை இரவு செய்தி வந்து, திங்கட்கிழமை காலை எச்.எஸ்.பி.சி. அதை ஒரு பவுண்டுக்கு வாங்கியது வரையிலான அந்த இரண்டு நாளில், சம்பளப் பணமே அந்த வங்கியில் சிக்கிய பயோடெக் நிறுவனங்களின் நிலையை அரசுக்கு எடுத்துச் சொன்னவர்களில் இந்தச் சங்கமும் இருந்தது. சனி, ஞாயிறில் தொலைபேசியை எடுக்க உள்ளூரில் ஒருவர் வேண்டும்.

இத்தனை சொன்ன பிறகும், எல்லாத் தேசியச் சங்கங்களும் ஒரே வகை என்று நினைக்க வேண்டாம். ஒரு சங்கத்தைப் புரிந்துகொள்ள நான் பார்ப்பது, அது எந்த வயிற்றில் பிறந்தது என்பதை. அஸ்ஸோபயோடெக், இத்தாலிய ரசாயனத் தொழில் கூட்டமைப்பான ஃபெடர்கிமிகாவுக்குள்ளேயே இருக்கிறது. பெல்ஜியத்தில் தேசிய அளவிலான பயோடெக் குரல் ரசாயன, உயிர் அறிவியல் கூட்டமைப்பான எஸ்ஸென்சியாவின் ஒரு பிரிவு. ஆனால் அங்கே உயிர்த்துடிப்பான வேலை நடப்பது மொழிப் பிரதேசங்களில், பிளெமிஷ் பகுதியில் ஃபிளாண்டர்ஸ்பயோ, வாலோனியாவில் பயோவின் என்று. பிரான்ஸ் பயோடெக்கும் பயோ டாய்ச்லாண்டும் தொழில்முனைவோர் தாமே கூடி அமைத்தவை. ஸ்பெயினில் 1999-இல் தொடங்கிய அசேபியோவில் நிறுவனங்களோடு பல்கலைக்கழகங்களும் ஆய்வு மையங்களும் உறுப்பினர்கள். நெதர்லாந்தின் ஹாலண்ட்பயோ, ஸ்வீடனின் ஸ்வீடன்பயோ, டென்மார்க், பின்லாந்து, போர்ச்சுகல், ஹங்கேரி, செக் நாடு என்று மற்றவற்றுக்கும் சங்கங்கள் உண்டு. ஆனால் எந்த நிறுவனத்தின் நிழலில் அவை நிற்கின்றன என்பதில் பெருத்த வேறுபாடு. ஆஸ்திரியாவின் ‘லைஃப் சயன்ஸ் ஆஸ்திரியா’வைச் சிலர் சங்கம் என்று நினைக்கிறார்கள். அது அரசின் ஊக்க வங்கியான ‘ஆஸ்திரியா விர்ட்ஷாஃப்ட்ஸ்செர்விஸ்’ நிறுவனத்தின் கீழ் நடக்கும் ஊக்கத் திட்டம். உதவி தரும், அரசை எதிர்த்துக் குரல் எழுப்பாது. ரசாயனக் கூட்டமைப்பின் வயிற்றில் பிறந்ததற்குப் பணபலமும், அமைச்சகங்களில் பழைய அறிமுகமும் உண்டு. ஆனால் தாயின் நலனும் பிள்ளையின் நலனும் மோதும் நாளில் பிள்ளை வாய் திறக்காது.

நீங்கள் இருக்கும் ஜெர்மனியில் மூன்று கதவுகள். பயோ டாய்ச்லாண்ட் ஒன்று. ரசாயனத் தொழில் சங்கத்துக்குள் இருக்கும் உயிரித் தொழில்நுட்பப் பிரிவு இரண்டாவது. ஆராய்ச்சி செய்யும் பெரிய மருந்து நிறுவனங்களின் சங்கம் வைத்திருக்கும் பயோடெக் பிரிவு மூன்றாவது. ஏன் இத்தனை என்று நானும் தொடக்கத்தில் எரிச்சல்பட்டிருக்கிறேன். இந்த நாட்டின் பழைய கதை ஒன்று அதற்கு ஓரளவு விடை சொல்கிறது. ஃபிராங்க்ஃபர்ட் அருகே ஹோக்ஸ்ட் நிறுவனம் மரபணுத் தொழில்நுட்பத்தில் இன்சுலின் தயாரிக்க 1984-இல் விண்ணப்பித்தது. உள்ளூர் எதிர்ப்பு, ஹெஸ்ஸன் மாநில அரசியல், இவற்றுக்கு மேல் 1989-இல் மாநில நிர்வாக நீதிமன்றம், இப்படிப்பட்ட ஆலைக்குச் சட்டமே இல்லாதபோது அனுமதி எப்படித் தர முடியும் என்று நிறுத்திவைத்தது. அதைத் தொடர்ந்துதான் 1990-இல் மரபணுத் தொழில்நுட்பச் சட்டம் அவசரமாக வந்தது. ஆலை முறையாக உற்பத்தியைத் தொடங்கியது 1998-இல். பதினான்கு ஆண்டுகள். இடைப்பட்ட காலத்தில் ஜெர்மன் நீரிழிவு நோயாளிகள் வெளிநாட்டில் அதே முறையில் செய்த இன்சுலினைப் போட்டுக்கொண்டார்கள். முடிவு பிரஸ்ஸல்ஸில் மட்டுமல்ல, தேசியத் தலைநகரிலும் மட்டுமல்ல, மாநிலத்திலும் கிடக்கலாம் என்பதை அந்தத் தலைமுறை இப்படித்தான் கற்றது. 1995-இல் கூட்டாட்சி அரசு அறிவித்த, வட்டாரங்களுக்கிடையிலான ‘பயோரெகியோ’ பயோடெக் போட்டியில் மியூனிக், ரைன்லாந்து, ரைன்–நெக்கர் பகுதிகள் வென்று, வட்டார அமைப்புகள் வளர்ந்ததும் இந்தப் பின்னணியில்தான்.

சுவிட்சர்லாந்து ஒன்றியத்திலேயே இல்லை. அங்கே சட்டத்தை வீழ்த்த அமைச்சர் வேண்டாம், மக்கள் வாக்கெடுப்பு போதும். மரபணு மாற்றிய விலங்குகளையும் திறந்தவெளிப் பயிர்களையும் தடுக்கும் கோரிக்கை 1998 ஜூனில் வாக்கெடுப்புக்கு வந்து, வாக்களித்தவர்களில் மூன்றில் இரண்டு பங்கினரால் தோற்றது. சுவிஸ் பயோடெக் அசோசியேஷன் தொடங்கியதும் அதே ஆண்டில்தான். ஆனால் 2005-இல் மரபணு மாற்றப் பயிர்களுக்கு ஐந்தாண்டுத் தடை கோரிய வாக்கெடுப்பு வென்றது. அந்தத் தடை திரும்பத் திரும்ப நீட்டிக்கப்பட்டது. மருந்து என்றால் சரி, வயல் என்றால் வேண்டாம் என்று மக்கள் பிரித்துப் பார்த்தார்கள்.

அந்தப் பிளவு ஐரோப்பா முழுவதும் ஓடுகிறது. ஒன்றியத்தில் வணிக அளவில் பயிரிடப்படும் ஒரே மரபணு மாற்றப் பயிர், பூச்சியை எதிர்க்கும் ‘மோன் 810’ மக்காச்சோளம். பெரும்பாலும் ஸ்பெயினிலும் கொஞ்சம் போர்ச்சுகலிலும் விளைகிறது. ஜெர்மனி 2009-இல் அதைத் தடை செய்தது. மாட்ரிட் சங்கம் விவசாயிகளைச் சாட்சிக்கு அழைக்கலாம். பெர்லின் சங்கத்தால் அது முடியாது. இப்படிப்பட்ட இருவரும் ஒரே கூரையின் கீழ் ஒரே அறிக்கையில் கையெழுத்திட வேண்டும் என்றால் அந்த அறிக்கை எவ்வளவு நீர்த்துப்போகும் என்று எண்ணிப் பாருங்கள். விதை, பயிர் நிறுவனங்கள் யூரோபாபயோவிலிருந்து பிரிந்து, பயிர்ப் பாதுகாப்புத் துறையோடு சேர்ந்து ‘கிராப்லைஃப் யூரோப்’ ஆனதில் எனக்கு வியப்பில்லை. மருந்துக்காரர்களுக்கு அது நிம்மதியாகவும் இருந்தது.

யூரோபாபயோவின் மேல் மக்களுக்குள்ள சந்தேகத்துக்கும் காரணம் உண்டு. 1997-இல், அந்தச் சங்கத்துக்காக ஒரு மக்கள் தொடர்பு நிறுவனம் எழுதிய உத்தி ஆவணம் வெளியே கசிந்தது. உடல்நலம், சுற்றுச்சூழல் ஆபத்து பற்றிய விவாதத்தில் தொழில்துறை நேரடியாக இறங்க வேண்டாம், அதை அரசு அமைப்புகள் பேசட்டும் என்பது அதன் அறிவுரை. அது எனக்கு இன்றும் கசப்பாக இருக்கிறது. ஆபத்தைப் பற்றிப் பேச மறுப்பவரை யார் நம்புவார்கள்? கோவிட் காலத்திலும் ஒன்று உறுத்தியது. தடுப்பூசிக் காப்புரிமைகளைத் தற்காலிகமாக நிறுத்திவைக்கும்படி இந்தியாவும் தென்னாப்பிரிக்காவும் 2020 அக்டோபரில் உலக வர்த்தக அமைப்பில் கேட்டன. ஐரோப்பிய மருந்து, பயோடெக் சங்கங்கள் ஒரே குரலில் எதிர்த்தன. காப்புரிமையைத் தளர்த்தினால் மட்டும் தடுப்பூசி பெருகிவிடாது, தொழிற்சாலையும் கைத்திறனும் வேண்டும் என்ற அவர்களின் வாதத்தில் உண்மை இருந்தது. ஆனாலும் ஊரில் ஆக்சிஜனுக்கு அலைந்த உறவினர்களைத் தொலைபேசியில் கேட்டுக்கொண்டிருந்த எனக்கு, அந்த அறிக்கைகளின் தொனி பொறுக்கவில்லை. சங்கத்தில் சேர்ந்தால் இப்படிப்பட்ட நிலைப்பாடுகளிலும் உங்கள் பெயர் ஒட்டிக்கொள்ளும். இதைத் தெரிந்தே சேருங்கள்.

சங்கங்கள் தரும் எண்களைப் பற்றியும் ஒரு சொல். எத்தனை நிறுவனங்கள், எத்தனை ஆயிரம் வேலைகள் என்று ஆண்டுதோறும் அறிக்கை வரும். உள்நாட்டுக்குள் ஆண்டுக்கு ஆண்டு ஒப்பிட அவை பயன்படும், ஏனென்றால் அளவுகோல் பெரும்பாலும் மாறுவதில்லை. நாட்டுக்கு நாடு ஒப்பிடாதீர்கள். பயோடெக்கையே முழு வேலையாகக் கொண்ட நிறுவனத்தை மட்டும் எண்ணுகிறவர்களும் உண்டு, பெரிய மருந்து நிறுவனத்தின் பயோடெக் பிரிவையும் சேர்த்து எண்ணுகிறவர்களும் உண்டு. முதலீட்டாளருக்கான விளக்கக்காட்சியில் இரண்டையும் ஒரே வரைபடத்தில் போட்டுவிட்டு, கேள்வி வந்தபோது விழித்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

இனி உங்கள் சந்தாவுக்கு வருகிறேன். சந்தா பொதுவாகப் பணியாளர் எண்ணிக்கையைப் பொறுத்தது. ஆறு பேருக்கு அது பெரும் தொகையாக இராது, உங்கள் நேரம்தான் பெரிய செலவு. பணம் கட்டுவதற்கு முன் மூன்று விஷயங்களைப் பாருங்கள். நிர்வாகக் குழுவில் உங்களளவு நிறுவனத்தைச் சேர்ந்தவர் எத்தனை பேர்? சென்ற இரண்டு ஆண்டில் எந்தெந்த மசோதாவுக்கு என்ன எழுதியிருக்கிறார்கள்? இதை ஊகிக்க வேண்டியதில்லை: 2022 ஜனவரியிலிருந்து ஜெர்மன் நாடாளுமன்றத்தின் பரப்புரையாளர் (லாபி) பதிவேட்டில் சங்கங்கள் தம்மைப் பற்றியும் செலவைப் பற்றியும் தெரிவிக்க வேண்டும். பிரான்ஸில் 2017 முதல் இதே போன்ற பதிவேடு உண்டு, பிரஸ்ஸல்ஸுக்கும் தனிப் பதிவேடு இருக்கிறது. எல்லாமே இணையத்தில் இலவசமாகப் பார்க்கக் கிடைப்பவை. மூன்றாவது, உங்கள் துறைக்கான பணிக்குழு உயிரோடு இருக்கிறதா? நான் ஒருமுறை, வேறொரு நாட்டில், பணிக்குழுப் பட்டியலைப் பார்த்து மயங்கிச் சேர்ந்த சங்கத்தில் அந்தக் குழு இரண்டு ஆண்டாகக் கூடவே இல்லை. சந்தா ரசீது மட்டும் தவறாமல் வந்தது. கடைசியாகக் கூடிய தேதியைக் கேளுங்கள், அந்தக் கூட்டத்தின் குறிப்பைக் காட்டச் சொல்லுங்கள்.

மரபணு சிகிச்சைக்காரர்களுக்குப் பணிக்குழு எதற்கு என்றால், உங்கள் மருந்து சட்டத்தின் கண்ணில் மருந்து மட்டுமல்ல, மரபணு மாற்றப்பட்ட உயிரியும்கூட. மருத்துவச் சோதனைக்கு 2022 ஜனவரியிலிருந்து ஒன்றியம் முழுவதற்கும் ஒரே இணைய வாசல் திறந்துவிட்டார்கள். ஆனால் மரபணு மாற்ற உயிரிக்கான அனுமதி அந்த வாசலுக்கு வெளியே, நாட்டுக்கு நாடு தனியாக நிற்கிறது. ஒரே மருந்தை ஒரு நாடு மூடிய இடத்தில் பயன்படுத்துவதாகக் கருதும், இன்னொரு நாடு சூழலுக்குள் விடுவதாகக் கருதும். படிவம் வேறு, காலக்கெடு வேறு. 2020 ஜூலையில் கோவிட் மருந்து, தடுப்பூசிச் சோதனைகளுக்கு மட்டும் ஒன்றியம் இந்த விதிகளைத் தற்காலிகமாகத் தளர்த்தியது. தொல்லை எவ்வளவு பெரியது என்பதை அதுவே ஒப்புக்கொண்ட மாதிரிதான். எந்த நாட்டில் எந்த அலுவலகத்துக்கு முதலில் எழுதுவது, எந்தக் கேள்வி திரும்பத் திரும்ப வரும் என்பவை எந்த வழிகாட்டி நூலிலும் இல்லை. சென்ற ஆண்டு அதே கல்லில் இடறிய இன்னொரு ஆறு பேர் நிறுவனத்துக்குத்தான் அவை தெரியும், அவர்கள் அந்தப் பணிக்குழுவில் உட்கார்ந்திருப்பார்கள். அடுத்த கூட்டத்துக்கு விருந்தினராக வரலாமா என்று செயலகத்துக்கு எழுதிக் கேளுங்கள். சேருவதற்கு முன் ஒரு கூட்டத்தில் உட்கார்ந்து பார்க்க அனுமதிப்பது பல இடங்களில் வழக்கம். உங்கள் சோதனையை ஜெர்மனியோடு ஸ்பெயினிலும் பெல்ஜியத்திலும் நடத்தத் திட்டமிருந்தால், அந்த மூன்று நாட்டின் பெயரையும் கடிதத்திலேயே குறிப்பிடுங்கள். அங்குள்ள சங்கத்தில் யாரைக் கேட்பது என்பதையும் அவர்களே சொல்லிவிடுவார்கள்.